அவுஸ்திரேலியக் கரையோரமும் பஸ் 'பாசும்'

'சீசன் ரிக்கற்' என்றதும் இலங்கை நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவது பாடசாலைப் பிள்ளையொன்றின் சட்டைப் பையிலிருக்கும் சிறிய அட்டை. வீட்டிலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து வீட்டுக்கும், குறித்த ஒரே வழியில், மாதம் முழுவதும் போய்வரும் உரிமையை அது தருகிறது. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனை நாள் போவது என்பதெல்லாம் முற்கூட்டியே தெரிந்தவர்களுக்காக ஏற்பட்டது அது. பிற நாடுகளில் நெடுந்தூரப் பஸ்களுக்கென விற்கப்படும் 'பாஸ்' இதற்கு நேர்மாறானது. நாளை எந்த ஊரில் இருப்போம் என்று இன்று சொல்ல முடியாதவனுக்காகவே அது விற்கப்படுகிறது. வாங்கியவன் அதிற் பாதியைப் பயன்படுத்தாது விட்டுவிட்டால் நட்டம் அவனுடையதே. ஆகவே, பொருத்தமானதைத் தெரிந்தெடுப்பதிற் சிறிது கணக்கறிவு வேண்டியிருக்கிறது.

இக் கணக்கை விளக்குவதற்கு அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் நல்லதோர் உதாரணம். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பலர் அந்நாட்டிற் குடியேறினர். சிட்னி நகரின் ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில், ரூங்காபி ஆகிய பகுதிகளில் இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்து வாழ்கின்றன. உயர்கல்விக்கென அங்கு செல்லும் இளைஞரும், பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் ஆண்டுதோறும் உளர். விடுமுறை வந்ததும், கடற்கரை வழியே வடக்கு நோக்கி ஒரு பிரயாணம் போய்வரலாமே என்ற எண்ணம் இவர்களுக்கு எழுவது இயல்பு. கார் ஓட்டும் அனுமதிப் பத்திரமோ, விமானத்தில் ஒவ்வோர் ஊராகச் செல்லும் வசதியோ இல்லாதவர்களுக்கு நெடுந்தூரப் பஸ்ஸே துணை.

முதலில் தூரத்தை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நலம். இலங்கையின் வடமுனையிலிருந்து தென்முனை வரையுள்ள நீளம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர். சிட்னியிலிருந்து பிறிஸ்பேனுக்குத் தரைவழித் தூரம் 900 கிலோமீற்றருக்கு மேல். பிறிஸ்பேனிலிருந்து வடகோடியிலுள்ள கெயார்ன்ஸ் நகருக்கு மேலும் 1,700 கிலோமீற்றர் வரை உண்டு. மொத்தத்தில் இலங்கையின் நீளத்தைப்போல் ஆறு மடங்கு! வழியிற் கடலுக்கருகே ஒதுங்கியுள்ள சிற்றூர்களுக்குப் பிரதான வீதியிலிருந்து விலகிச் சென்று திரும்புவதையுஞ் சேர்த்தால் தூரம் இன்னும் கூடும். பஸ்ஸில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டும் ஏறக்குறைய 45 மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓரிரவு பஸ்ஸில் வந்து, மறுநாள் முழுவதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிபவர்கள் இதைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

இனி, இத்தகைய சீட்டுக்கள் எந்த அளவைகொண்டு அளக்கப்படுகின்றன என்பதைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவில் நாடளாவிய நெடுந்தூரப் பஸ்களை நடத்தும் கிறேஹவுண்ட் நிறுவனம் முன்னர் கிலோமீற்றர் கணக்கிற் பாஸ் விற்று வந்தது. இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் என்று வாங்கிக்கொண்டால், ஒவ்வொரு முறை ஏறும்போதும் சென்ற தூரம் அதிலிருந்து கழிக்கப்படும். ஓரூரில் ஒரு கிழமை தங்கினாலும் சீட்டிற் குறைவேதும் ஏற்படாது. இன்னொரு வகை, சிட்னியிலிருந்து கெயார்ன்ஸ் வரை என்று வழியைக் குறித்து விற்கப்பட்டது. இடையில் விரும்பிய ஊர்களில் இறங்கி ஏறலாம்; ஆனால் ஒரே திசையிலேயே செல்ல வேண்டும்; பின்னோக்கித் திரும்பலாகாது. அண்மைய ஆண்டுகளில் அதே நிறுவனம் 'விமிற்' என்ற பெயரில் நாட்கணக்குச் சீட்டை முன்வைத்திருக்கிறது. 15 நாள், 30 நாள், 60 நாள் என்றவாறு வாங்கி, அந் நாட்களுக்குள் எத்திசையிலும், எத்தனை முறையும் ஏறியிறங்கலாம். அயலிலுள்ள நியூசிலாந்தில் இன்ரர்சிற்றி என்ற பஸ் நிறுவனம் மணிக்கணக்கிற் சீட்டு விற்கிறது. ஓக்லாந்திலிருந்து வடக்கே பைஹியா என்னும் கடலோர ஊருக்குச் செல்வோனின் கணக்கில் நாலு மணித்தியாலமளவு குறையும்; மிகுதி அடுத்த பிரயாணத்துக்கு உதவும்.

தூரம், வழி, நாள், மணி என இந்த நான்கு அளவைகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். உண்மையில் அவை வெவ்வேறு மனிதர்களுக்குப் பொருந்துவன. கிலோமீற்றர்ச் சீட்டும் மணிச் சீட்டும், பஸ் ஓடும்போது மாத்திரம் குறைவன. நாட்கணக்குச் சீட்டோ, பிரயாணி உறங்கும்போதும் கரைந்துகொண்டிருக்கும். கடற்கரையில் மணலில் அமர்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அச் சீட்டில் ஒரு நாளே. தீவொன்றுக்குப் படகிற் சென்று மூன்று நாள் கழித்துக் கரைக்குத் திரும்பினால், அந்த மூன்று நாட்களும் சீட்டிலிருந்து போய்விட்டன. கரையோரப் பிரயாணத்தின் இன்பமெல்லாம் இறங்கித் தங்குவதிலேயே இருக்கிறது; நாட்கணக்குச் சீட்டின் இலாபமெல்லாம் ஏறிச் செல்வதிலேயே இருக்கிறது. இந்த முரண்பாட்டை வாங்குமுன் உணராதவர்கள், வழியில் ஒரு வகை மனவருத்தத்துக்கு ஆளாகின்றனர். 'சீட்டு வீணாகிறதே' என்ற ஏக்கம் அவர்களை ஓரிடத்தில் இருக்க விடுவதில்லை. பகலில் அரைகுறையாக ஊரைச் சுற்றுவதும், இரவில் பஸ்ஸேறுவதுமாகக் கெயார்ன்சுக்குப் போய்ச் சேர்ந்து, எந்த ஊரில் என்ன பார்த்தோம் என்று நினைவுகூர முடியாமல் திரும்புகின்றனர். வீட்டிலிருந்து வந்த பணத்தையும், பகுதிநேர வேலையிற் சேர்த்த பணத்தையும் செலவிட்ட ஒரு மாணவனுக்கு இது சிறிய நட்டமன்று.

எனவே, முதலில் நிறுத்தங்களைக் குறித்து, நாட்களை எண்ணிய பின்னரே சீட்டைப்பற்றி எண்ண வேண்டும். உதாரணமாக, யூலை மாத விடுமுறையில் ஒரு மாணவன் சிட்னியிலிருந்து புறப்படுகிறான் எனக் கொள்வோம். முதல் நாள் மாலை பஸ்ஸேறினால், 770 கிலோமீற்றரளவு கடந்து, இரண்டாம் நாட் காலை பைரன் பே என்னும் ஊரை அடையலாம். அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்கு முனை அங்கேதான் இருக்கிறது. இரண்டு இரவுகள் அங்கு தங்குகிறான். நாலாம் நாள் பிறிஸ்பேனுக்கு வந்து, பஸ் மாறி, இரவில் ஹார்வி பேயை அடைகிறான். அதன் எதிரேயுள்ளது உலகின் மிகப் பெரிய மணற்றீவு. பிரேசர் தீவு எனப் பல காலம் வழங்கிய அத்தீவுக்கு, அதன் ஆதிகுடிகளான புச்சுல்லா மக்கள் இட்ட 'கரி' என்ற பழம் பெயரே 2023ஆம் ஆண்டில் அரசாங்க முறைப்படி மீண்டும் சூட்டப்பட்டது. 1992 முதல் உலக மரபுரிமைச் சொத்தாகப் போற்றப்படும் இடம் அது. அத்தீவுக்கும் கடலுக்குமாக மூன்று இரவுகளை ஒதுக்குகிறான். ஏழாம் நாள் மாலை மீண்டும் பஸ். இரவு முழுவதும் ஓடி, எட்டாம் நாட் காலை எயர்லி பீச். விற்சண்டே தீவுக்கூட்டத்துக்குப் பாய்க்கப்பல்கள் புறப்படும் துறை அது; அங்கே மூன்று இரவுகள். பதினோராம் நாள் ரவுண்ஸ்வில் நகருக்குச் சென்று, அங்கிருந்து படகில் மக்னெற்றிக் தீவு, இரண்டு இரவுகள். பதின்மூன்றாம் நாள் கெயார்ன்ஸ்.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. இவன் பெரும் பவளப் பாறைத்தொடரைப் பார்ப்பதற்காகக் கெயார்ன்சில் மேலும் நாலைந்து நாட்கள் தங்குவான். முழுப் பிரயாணமும் 18 நாட்கள் ஆகும். 18 நாட்களுக்கு 15 நாட் சீட்டுப் போதாது என்று கருதி, 30 நாட் சீட்டை வாங்குவோர் உண்டு. அது தேவையில்லை. முதல் பஸ்ஸில் ஏறும் நாளிலிருந்து கடைசிப் பஸ்ஸிலிருந்து இறங்கும் நாள் வரையே சீட்டுக்கு வேலை. கெயார்ன்சை அடைந்த பின் அது கையிலிருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. திரும்பும் பிரயாணத்தை விமானத்தில் வைத்துக்கொண்டால் 15 நாட் சீட்டே போதும், இரண்டு நாள் மிச்சமும் உண்டு. நீண்ட நாள் தங்க விரும்பும் ஊர்களைப் பிரயாணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ அமைத்துக்கொண்டால், நாட்கணக்குச் சீட்டின் கசிவு பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

அடுத்தபடி செய்ய வேண்டியது, சீட்டின் விலையையும் தனித்தனி ரிக்கற்றுகளின் விலையையும் ஒப்பிடுதல். மேற்சொன்ன மாணவன் ஆறு முறை பஸ்ஸேறுகிறான். அந்த ஆறு ரிக்கற்றுகளுக்கும், அதே திகதிகளுக்கு, நிறுவனத்தின் விலையைக் கேட்டுக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். இடையில் இரண்டே ஊர்களில் இறங்குபவனுக்குத் தனி ரிக்கற்றுகளே மலிவாக முடிவதுண்டு. பத்து ஊர்களில் இறங்குபவனுக்குப் பாஸ் மலிவு. பிள்ளைகளுடன் மூன்று மாதம் தங்க வந்த பெற்றோர், சிட்னி வீட்டை இருப்பிடமாகக்கொண்டு இரண்டொரு முறை வெளியூர் போய்வருபவர்கள். அவர்களுக்கு நாட்கணக்குச் சீட்டை வாங்கிக் கொடுப்பது, பிள்ளைகள் அன்பினாற் செய்யும் வீண் செலவு. அவர்களுக்குத் தனி ரிக்கற் போதும். அல்லது புகையிரதமே நன்று. பிறிஸ்பேனிலிருந்து கெயார்ன்சுக்கு ஒருநாட் பொழுதிற் செல்லும் புகையிரதமும் இருக்கிறது. கழிப்பறையும் உணவும் உள்ள வண்டியில் எழுந்து நடமாடலாம் என்பது முதியோருக்குச் சிறிய விடயமன்று. மறுபுறத்தில், திட்டமே இல்லாமல் வடக்கேயும் தெற்கேயும் அலைந்து, விருப்பமான ஊருக்கு மறுபடியும் போக எண்ணும் இளைஞனுக்கு நீண்ட நாட்கணக்குச் சீட்டைப்போல் உதவுவது வேறில்லை.

பாஸ் கையிலிருந்தாற் பஸ்ஸில் இடம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. சீட்டு, பிரயாணஞ் செய்யும் உரிமையை மாத்திரமே தரும். ஆசனத்தை ஒவ்வொரு முறையும் தனியே பதிவுசெய்ய வேண்டும். யூன் முதல் ஓகஸ்ட் வரை தென்பகுதியிற் குளிர் வாட்டும்போது மக்கள் கூட்டங் கூட்டமாக வடக்கே வருவர். நத்தார், உயிர்த்த ஞாயிறு விடுமுறைகளிலும் பஸ்கள் நிரம்பிவிடும். அக்காலங்களில் ஆசனம் கிடைக்காமல் ஓரூரில் இரண்டு நாள் காத்திருந்தால், நாட்கணக்குச் சீட்டில் அந்த இரண்டு நாளும் போனதுதான். பதிவுசெய்த ஆசனத்தை மாற்றுவதற்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும், அறிவிக்காது விட்டால் தண்டம் உண்டா, கடைசி நாளன்று நள்ளிரவுக்கு முன் ஏறிவிட்டால் போதுமா அன்றி இறங்கியும் ஆக வேண்டுமா, வாங்கிய பின் முதல் பிரயாணத்தை எவ்வளவு காலத்துக்குள் தொடங்க வேண்டும் என்பனவற்றை வாங்குமுன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும். இச் சீட்டுக்களின் விதிகளும் பெயர்களும் அடிக்கடி மாறுவன. அமெரிக்காவிற் பல்லாண்டு காலம் வெளிநாட்டு மாணவரின் விருப்பத்துக்குரியதாயிருந்த கிறேஹவுண்ட் பாஸ் 2012ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பத்து வருடத்துக்கு முன் சென்றுவந்த மைத்துனர் சொன்ன விபரத்தை நம்பிப் பணம் கட்டுதல் தகாது.

பருவகாலமும் இக் கணக்கிற் சேர்ந்ததே. வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது திருகோணமலைக் கடற்கரைக்கு உல்லாசப் பிரயாணம் போவார் எவருமில்லை. அதுபோலவே, வடகுயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் சூறாவளியும் வரும் காலம். பஸ் செல்லும் வழியிலுள்ள டல்லி என்ற கரும்பூரில் 1950ஆம் ஆண்டில் 7,900 மில்லிமீற்றர் மழை பெய்தது. அந்த அளவு உயரத்திற்கு ஒரு மழைச் சப்பாத்தைச் சிலையாகச் செய்து அவ்வூரார் நிறுத்தியிருக்கின்றனர்! சூறாவளிகள் 2006இல் இனிஸ்பெயில் நகரையும், 2011இல் மிஷன் பீச்சையும், 2017இல் எயர்லி பீச்சையும் தாக்கின. 2025 பெப்ரவரி மாத வெள்ளத்தில் ரவுண்ஸ்வில்லுக்கு வடக்கே நெடுஞ்சாலைப் பாலமொன்று உடைந்து, கரையோர வீதி துண்டிக்கப்பட்டது. அத்தகைய வேளையில் வழியில் அகப்பட்டவனின் கையில் நாட்கணக்குச் சீட்டிருந்தால், மழை விடும் வரை நாட்களும் ஓடிக்கொண்டேயிருக்கும். மேலும், அதே மாதங்களில் வடபகுதிக் கடலிற் கொடிய நச்சுச் சொறிமுட்டைகள் திரிவதால், வலையிட்டுக் காத்த இடங்களிலன்றி நீராட விடமாட்டார்கள். கடலுக்காகப் போய்க் கடலில் இறங்க முடியாதிருப்பதிலும் பார்க்க, யூன் முதல் செப்ரெம்பர் வரையுள்ள வறண்ட காலத்தைத் தெரிந்தெடுப்பது மேல். யூலைக்குப் பின் ஹார்வி பேக் கடலில் திமிங்கிலங்கள் குட்டிகளுடன் வந்து விளையாடும் காட்சியும் அப்போது கிடைக்கும்.

அவ்வழியே செல்லும் இலங்கையர், பண்டபேர்க், மக்கை ஆகிய நகரங்களைக் கடக்கும்போது உறங்கிவிடாதிருப்பது நல்லது. 1882ஆம் ஆண்டின் இறுதியில், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்கென இலங்கையிலிருந்து 'டெவன்சயர்' என்ற கப்பலிற் கொண்டுசெல்லப்பட்ட கூலியாட்கள் இறங்கியது இவ்விரு துறைகளிலேதான். பண்டபேர்க்கில் அவர்கள் கரையிறங்குவதை உள்ளூர் வெள்ளையர் சிலர் எதிர்த்துக் கைகலப்பிலும் ஈடுபட்டனர். அவர்கள் கைபட்ட கரும்பு வயல்களினூடாகத்தான் இன்றைய பஸ்ஸும் மணிக்கணக்காக ஓடுகிறது.

பஸ்ஸின் உள்ளே கவனிக்க வேண்டியனவும் சில உள. குளிரூட்டப்பட்ட வண்டியில் இரவில் நடுக்கம் எடுக்கும். ஒரு போர்வை அவசியம். சாப்பாட்டுக்காகச் சாலையோரக் கடைகளில் நிறுத்துவார்களாயினும், அங்கே சோறு கறியை எதிர்பார்க்க முடியாது, விலையும் அதிகம். ஆசனப் பட்டியை அணிவது கட்டாயம். இந்த விதியின் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிட்னி–பிறிஸ்பேன் வீதியில் கிறாப்ரன் நகருக்கருகே பஸ்ஸும் பார ஊர்தியும் மோதியதில் 21 பேர் மாண்டனர். இரண்டு மாதங்களின் பின் அதே வீதியில் கெம்சி நகருக்கருகே இரு நெடுந்தூரப் பஸ்கள் நேருக்கு நேர் மோத, 35 உயிர்கள் பலியாயின. அந்நாட்டின் வீதி விபத்துக்களில் இதைப்போலக் கொடியது வேறில்லை. போகும் வழியையும் வரும் வழியையும் வெவ்வேறாகப் பிரித்து அவ்வீதியைத் திருத்தும் பெருவேலை 2020ஆம் ஆண்டின் இறுதியிலேயே நிறைவேறியது. பின்வரிசையில் அமர்ந்துகொண்டு பட்டியை அவிழ்த்துவிடும் நம்மவர் வழக்கத்தை அங்கே கைவிட வேண்டும்.

பஸ் எந்த நேரத்தில் ஊரை அடைகிறது என்பதை, விலையைப் பார்ப்பதற்கு முன்னரே பார்த்துவிடல் வேண்டும். 1,700 கிலோமீற்றர் வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் பஸ் பட்டப்பகலில் வந்து சேர முடியாது. சில ஊர்களில் நள்ளிரவிலோ பின்னிரவிலோ இறக்கிவிட்டுப் போய்விடும். சிற்றூர்களில் அந்நேரத்தில் வாடகை வண்டியும் இராது, விடுதிக் கதவும் திறந்திராது. தனித்துச் செல்லும் பெண்களும் முதியோரும், பகலில் இறங்கக்கூடிய ஊர்களாகப் பார்த்துத் தம் பிரயாணத்தை அமைப்பதும், விடுதிக்கு வரும் நேரத்தை அறிவித்து வைப்பதும் நன்று. எத்தனை முறையும் ஏறியிறங்கலாம் என்று சீட்டிற் கண்டிருந்தாலும், அதிகாலை இரண்டு மணிக்கு இறங்கவேண்டிய ஊர் அவர்களுக்குப் பயன்படாத ஊரே.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லையிலுள்ள ஒரு விசித்திரத்தையும் குறிப்பிடல் வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைப்பர். குயின்ஸ்லாந்து மக்களோ 1992ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அவ்வழக்கத்தை நிராகரித்துவிட்டனர். பஸ் நேர அட்டவணையில் ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூர் நேரமே கொடுக்கப்பட்டிருக்கும். வடக்கே போகும் பிரயாணிக்கு எல்லையில் ஒரு மணித்தியாலம் இலாபம். அடுத்த பஸ்ஸுக்காகச் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க நேரும், அவ்வளவே. தெற்கே வருவோர்தாம் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். கோடையிற் பிறிஸ்பேனிலிருந்து காலை 9 மணிக்குப் புறப்படும் பஸ் இரண்டரை மணித்தியாலம் ஓடிப் பைரன் பேயில் வந்து நிற்கும்போது, அங்கே மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும்.